மைமூனைக் காணவில்லை

2 ஜூலை 2025, புதன்

ராஜபாய் சிஸ்டரின் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி முடித்துவிட்டேன். நூற்று எண்பத்து நான்கு பக்கம். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். போதவில்லை. இன்னொரு சுற்று.

எட்டு வருடமாகக் குழித்துறையில் ஞானசிங் அண்ணனின் டி.டி.பி. கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் அசன விருந்து நோட்டீஸ். செத்தவர்களின் தலைக்குப் பின்னால் நான் வைத்த ஒளிவட்டங்களை எண்ணினால் சொர்க்கத்தில் ஒரு வார்டே என் கணக்கில் வரும். புத்தகம் மட்டும் செய்ததில்லை. அண்ணன் வேண்டாமென்றார், பிழை வந்தால் யார் சுமப்பது என்றார். நான் சுமக்கிறேன் என்று சொல்லித்தான் இதை வாங்கினேன்.

எழுத்துருவும் நானே தேர்ந்தது. மைமூன் என்று பெயர். இலவசமாக ஒரு தளத்தில் கிடந்தது. அதன் ழ-வைப் பார்த்த அன்றே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வால் சுழித்துக் கீழே இறங்கி, போகிற போக்கில் ஒருதரம் திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்கும். ‘குழித்துறை’ என்று பெரிதாக அடித்து வைத்து, வேலைக்கு நடுவே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதில் ஓர் எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4 ஜூலை, வெள்ளி

சிஸ்டர் வந்து பிழை பார்த்தார். அவர் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியர். தான் பார்த்த பிரசவங்களை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். ஆட்டோவில் பிறந்தது, ரப்பர் எஸ்டேட் கொட்டகையில் பிறந்தது, புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் பிறந்தது. ஒரு கதையில் அப்பன்காரன் மயங்கி விழ, சிஸ்டர் முதலில் அவனுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். திரும்புவதற்குள் பிள்ளை தானே வந்துவிடுகிறது. பக்கம் கட்டும்போது அந்த இடத்தில் சிரித்துச் சிரித்து இரண்டு வரியைத் தவறவிட்டேன். புத்தகத்தின் பெயர் ‘தலை தெரியுது’.

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. அவர் கையில் பிறந்தவர்கள் நாற்பது பேர் வருகிறார்கள். 1994-இல் முதன்முதலாக அவர் கையில் பிறந்தவள் புத்தகத்தை வெளியிடுகிறாள். கிளம்பும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மக்களே, முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் வரைக்குந்தான் நான் சிஸ்டரு. அதுக்குப் பொறவு வெறும் ராஜபாயாக்கும். சிஸ்டரா இருக்கும்போதே இது எனக்க கையில வரணும், கேட்டியா?”

வரும் என்றேன். ஏன் வராது?

7 ஜூலை, திங்கள்

சனிக்கிழமையே பி.டி.எஃப். எடுத்து நாகர்கோவில் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தேன். அங்கே பிளேட் போடுகிற ஷிஜின் இன்று காலை கடைக்குப் போன் செய்தார். எடுத்தது ஞானசிங் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“அண்ணே, மைமூனைக் காணோம். ஒங்க கடையில உண்டுமா?”

அண்ணன் கடையைச் சுற்றிப் பார்த்தார். “இஞ்ச அப்படி ஒரு பிள்ளையும் இல்லியே மக்கா. போலீஸ்ல சொல்லியாச்சா?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பேனா தேடுவது போல இருந்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் ஷிஜின் சொன்னது உறைத்தது. நூற்று எண்பத்து நான்கு பக்கமும் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. ஓர் எழுத்துகூட இல்லை.

8 ஜூலை, செவ்வாய்

பி.டி.எஃப். என்பது கட்டுச்சோறு மாதிரி. சோற்றோடு கறியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சொற்களோடு அவற்றின் எழுத்துருவும் கோப்புக்குள் போக வேண்டும். நான் சோற்றைக் கட்டி அனுப்பிவிட்டேன், கறி என் அடுப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் என் கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் அழகாகத் தெரிகிறது. மைமூன் இங்கே இருக்கிறாள். அங்கே இல்லை.

சரி, மைமூனையே அனுப்பிவிட்டால் போச்சு என்று எழுத்துருக் கோப்பைத் தனியாக அனுப்பினேன். ஷிஜின் அதை நிறுவிப் பார்த்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அவரிடம் இருப்பது பழைய மென்பொருள், தமிழின் கொம்பும் காலும் அதற்குப் பிடிபடவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வரியில். ‘கொடி’ சுற்றிப் பிறந்த குழந்தையைப் பற்றிய பக்கம் அது. படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

இதற்கும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

9 ஜூலை, புதன்

எழுத்துகளையெல்லாம் வெறும் கோட்டுப் படங்களாக மாற்றி அனுப்பினேன். கோப்பு வீங்கிப்போய் அவருடைய இயந்திரம் இரண்டு முறை உறைந்து நின்றது. மூன்றாம் முறை வந்த பிரதியில் எழுத்தெல்லாம் தடித்து, ஞ-வின் வயிறு அடைத்து, ஏதோ ஈறு வீங்கியவர்கள் வரிசையாக நிற்பது போல இருந்தது. கிழித்துப் போடச் சொன்னேன்.

10 ஜூலை, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. மைமூனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எழுத்துருவுக்குள்ளேயே ஒரு சின்னக் குறிப்பு இருக்குமாம். இதை வேறு கோப்புக்குள் வைத்து அனுப்பலாமா கூடாதா என்று செய்தவர் அதில் சொல்லியிருப்பார். மைமூனில் கூடாது என்று இருக்கிறது. என் மென்பொருள் அதை மதித்து, எழுத்துருவை விட்டுவிட்டு பி.டி.எஃப். எடுத்திருக்கிறது. அப்போது ஓர் எச்சரிக்கை வந்திருக்குமாம். நான்தான் அந்த வாரம் பூரா நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேனே, படிக்காமலே ‘சரி’யை அழுத்தியிருப்பேன்.

ஷிஜினிடம் பூட்டைக் கழற்றுகிற ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதாம். ஒரு நிமிட வேலை, யாருக்கும் தெரியாது என்று சொல்லி எனக்கு அனுப்பியும் வைத்தார். அண்ணனும் கழற்று என்றார். நான் சுட்டியில் கை வைத்துவிட்டேன். அப்போது மறுபடியும் அந்த ழ கண்ணில் பட்டது. யாரோ உட்கார்ந்து அந்த வாலை எத்தனை தடவை அழித்து வரைந்தார்களோ. ஆசைப்பட்டு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு ஓட்டைப் பிரித்து இறங்குவதா?

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அண்ணன், ஆரிடம் கேட்பாய் என்றார். தெரியாது என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எழுத்துருவின் குறிப்பில் ஒரு மின்னஞ்சல் இருந்தது. பெயருக்குப் பதில் ‘ஜ., தேங்காப்பட்டணம்’. உலகத்தில் எந்த மூலையோ என்று நினைத்திருந்தேன். தேங்காப்பட்டணத்துக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது.

12 ஜூலை, சனி

நான் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ஆடி அமாவாசைக்காக ஆற்றங்கரையில் நடக்கிற வாவுபலிப் பொருட்காட்சி ராட்டினத்தின் பாட்டு கடைக்குள் கேட்கிறது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன்.

14 ஜூலை, திங்கள்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எழுத்துருவோடு வந்த ஒரு குறிப்புக் கோப்பை நான் திறக்கவே இல்லை. திறந்தேன், உள்ளே ஒரு செல் நம்பர். உடனே அழைத்தேன். எடுத்தது ஒரு பெண், குரலில் வயது ஐம்பதுக்கு மேல்.

மைமூன் விஷயமாகப் பேசணும் என்றேன்.

“மைமூன்தான் பேசுதேன். ஆரு?”

நான் தேடுவது எழுத்து மைமூனை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். உங்களைக் காணவில்லை என்று நாகர்கோவிலில் ஒரு வாரமாகத் தேடுகிறார்கள் என்றும் பதற்றத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

“நான் இஞ்ச அடுக்களையிலதான் மோளே நிக்கேன். நாகர்கோயிலுக்குப் போயே ஆறு மாசமாச்சு.”

பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. அவர் மைமூன் பீவி. எழுத்தை வரைந்தது அவருடைய மகள் ஜஸீனா. மகள் கம்ப்யூட்டரில் என்னமோ வரைகிறாள் என்று தெரியும், அதற்குத் தன் பெயரை வைத்திருக்கிறாள் என்று தெரியாது.

“எனக்க பேரா? எழுத்துக்கா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

வைத்துவிட்டார். மகளுடைய நம்பரைச் சொல்லவும் இல்லை, என் பெயரைக் கேட்கவும் இல்லை.

15 ஜூலை, செவ்வாய்

காலை பத்தரைக்கு ஜஸீனாவே அழைத்தாள். முதலில் சண்டை.

“எங்க உம்மாகிட்ட என்ன சொன்னீங்க? நேத்து அஸர் தொழுகையில இருந்து கம்ப்யூட்டரத் தொறந்து காட்டு, காட்டுன்னு ஒரே நிலையில நிக்கிறா.”

மன்னிப்புக் கேட்டேன். காட்டினீர்களா என்றும் கேட்டேன். காட்டினாளாம். உம்மா ‘ம’-வை விரலால் தொட்டுப் பார்த்து, வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, என்னைப் போலவே வரைந்திருக்கிறாய் என்றாராம். சொல்லும்போது ஜஸீனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் சந்தில் நுழைந்து நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

உடனே குரல் இறுகியது. அவள் முதலில் செய்த எழுத்துருவை யாரோ எடுத்து, பெயரை மாற்றி, தங்களுடையது என்று விற்றிருக்கிறார்கள். ஒரு நாள் புதுக்கடையில் பஸ்ஸுக்கு நின்றவள், எதிரே இருந்த நகைக்கடைப் பேனரில் தன் எழுத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய எழுத்தே அவளை ‘வருக’ என்று கூப்பிட்டதாம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டாள். அதன் பிறகுதான் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், ரிஜ்வான் மைமூனுக்கு இந்தப் பூட்டைப் போடச் சொல்லியிருக்கிறார்.

“நீங்க கேட்டுட்டாவது வந்தீங்க. அதுக்காகத் தொறந்து தந்துதான் ஆவணும்னு இல்ல.”

இல்லைதான் என்றேன்.

என்ன புத்தகம் என்று கேட்டாள். சொன்னேன். அனுப்பச் சொன்னாள், படித்துவிட்டுச் சொல்கிறாளாம். எத்தனை நாளாகும் என்று கேட்க வாய் வரவில்லை. பதினாறு நாள் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ?

18 ஜூலை, வெள்ளி

மூன்று நாளாகச் சத்தமே இல்லை.

அண்ணன் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். வழக்கமாகப் போடுகிற ஃபாண்டையே போடு, இன்றைக்கே மாற்று. மாற்றினேன். அது அகலமான எழுத்து, புத்தகம் இருநூற்று மூன்று பக்கமாகிவிட்டது. சிஸ்டரின் வாக்கியமெல்லாம் கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கிறது. அப்பன்காரன் மயங்கி விழுகிற இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது, அனுதாபம்தான் வரும்.

அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, முதலிலேயே இதில் போட்டிருந்தால் இந்தப் பாடு உண்டுமா என்றார். அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சலு. நான் சுமக்கேன், நான் சுமக்கேன்னு நெஞ்ச நிமித்திட்டு நின்னவ நானில்லியா? ஒரு ழ-வுக்கு ஆசப்பட்டு அந்த மனுஷிக்க ஒரே ஒரு நாளக் கெடுக்கப் போறேனே. கேக்காம கழத்தியிருந்தா இப்ப பொஸ்தகம் பைண்டிங்ல கெடக்கும். எனக்கு எதுக்கு இந்த நேர்மையும் மண்ணாங்கட்டியும்?

திங்கட்கிழமை இருநூற்று மூன்று பக்கத்தை அனுப்புவதாகப் பேச்சு.

19 ஜூலை, சனி

ஜஸீனா அழைத்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

“ஜிஷா, நூத்திரெண்டாம் பக்கம் எடுங்க. ‘எங்ஙன இருக்குன்னு கேட்டேன்’. கண்டீங்களா? ரெண்டு ங-வும் முட்டிட்டு நிக்கி.”

பார்த்தேன். நிற்கத்தான் செய்கிறது. மேலே இருக்கிற புள்ளி அடுத்த எழுத்தின் நெற்றியில் இடிக்கிறது. ஆறு மாதமாகப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

“வீட்டுல நாள் முழுக்க எங்ஙன, இங்ஙனன்னுதான் பேசுதோம். வரையும்போது அது எனக்கு நெனவே வரல்ல. பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்துல உள்ள சொல்லு மட்டுந்தான் போட்டுப் பாத்தேன்.”

நூற்று எண்பத்து நான்கு பக்கத்தில் அறுபத்தேழு இடத்தில் ‘ங்ங’ வருகிறதாம், எண்ணியிருக்கிறாள். புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டாளாம். உம்மாவுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறாள். அப்பன்காரன் மயங்கி விழுந்த இடத்தில் உம்மா, உன் வாப்பாவும் இப்படித்தான் விழுந்தார் என்று இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்லிவிட்டாராம்.

பூட்டைத் திறப்பீர்களா என்று கேட்டேன். அதை வியாழக்கிழமையே திறந்துவிட்டாளாம். ஆனால் ங-வைச் சரி செய்யாமல் வெளியே விட மாட்டாளாம். நேரில் வருகிறேன் என்றாள்.

போனை வைத்துவிட்டு அண்ணனிடம் போய், திங்கட்கிழமை அனுப்பவில்லை, புதன்கிழமை அனுப்புகிறேன், மைமூனிலேயே அனுப்புகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்றார்.

சாப்பிடவில்லை. பசிக்கவுமில்லை. நாற்காலியில் சுற்றினேன், அவர் முன்னாலேயே.

21 ஜூலை, திங்கள்

நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் வேறு. வந்தவள் என்னைவிட ஒரு சாண் குள்ளம், முப்பத்தொரு வயது, லேப்டாப்பை மழை நனைக்காமலிருக்க அரிசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். புதுக்கடையில் பஸ் மாறி, வாவுபலிக் கூட்டத்தில் நசுங்கி, கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, பிளக் எங்கே.

அவள் கணவர் வளைகுடாவில், சலாலாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறார். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் திரும்பி வரும்வரை உள்ள நேரத்தில் வரைவாளாம். இரண்டு வருடம் பிடித்ததாம் மைமூனுக்கு.

புது ங-வைக் காட்டினாள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மடியைக் கொஞ்சம் அகட்டியிருக்கிறாள். இரண்டு ங பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இப்போது பஸ் சீட்டில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அழகு. ஆனால் எழுத்து அகன்றதும் வரி நீண்டது, வரி நீண்டதும் பக்கம் தள்ளியது. நாற்பத்தோரு இடத்தில் ஒரு சொல் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் அநாதையாக நின்றது. அவள் தலையில் கைவைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

மதியம் அவள் கொண்டுவந்த புட்டையும் நான் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் பங்கு வைத்தோம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், இரண்டு பேர் டப்பாவிலும் மீன் இல்லை. மூன்று மணிக்கெல்லாம் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. யார் முதலில் மாற்றியது என்று நினைவில்லை.

23 ஜூலை, புதன்

அநாதைச் சொற்கள் நாற்பத்தொன்றையும் பழைய பக்கத்துக்கு இழுத்துச் சேர்த்துவிட்டு, பதினொன்றே கால் மணிக்கு பி.டி.எஃப். எடுத்தேன். இந்தத் தடவை வந்த ஒவ்வொரு அறிவிப்பையும் வாய்விட்டுப் படித்துத்தான் ‘சரி’ அழுத்தினேன். பிறகு கோப்பின் விவரத்தைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தோம். மைமூன், அதற்கு நேரே: உள்ளே வைக்கப்பட்டுள்ளது.

ஜஸீனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைமூனை என் கம்ப்யூட்டரிலிருந்தே நீக்கிவிட்டு மறுபடி திறந்தேன். ஒரு கட்டம்கூட இல்லை. குழித்துறை குழித்துறையாகவே இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பக்கத்தில் வந்து இரண்டு பக்கம் தள்ளி, நின்றபடியே வாசிக்க ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கல்யாணக் கார்டு பார்ட்டி வந்து நின்றது, அவர் கவனிக்கவில்லை.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலி கொடுக்க ஜனம் திரண்டு, சந்திப்பில் வண்டி நகரவில்லை. ஷிஜினிடமிருந்து இரண்டே சொல்லில் செய்தி: ‘மைமூன் வந்தாச்சு’.

அதை அப்படியே ஜஸீனாவுக்கு அனுப்பினேன். அவள் தன் உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். உம்மா கேட்டாராம், ‘நாகர்கோயிலுக்கா?’

28 ஜூலை, திங்கள்

அச்சு முடிந்து பைண்டிங்கில் இருக்கிறது. மழை. பசை காயவில்லையாம். ஃபேன் போட்டுக் காயவைக்கிறேன், என்னை அரை மணிக்கொரு தடவை கூப்பிடாதீர்கள் என்று ஷிஜின் மரியாதையாகச் சொன்னார்.

30 ஜூலை, புதன்

வரவில்லை.

31 ஜூலை, வியாழன்

வந்தது. மதியம் ஒன்றே முக்காலுக்கு, அறுபது பிரதி மட்டும், ஷிஜினே பைக்கில் பாலித்தீன் சுற்றிக் கொண்டுவந்தார். விழா மூன்று மணிக்கு. கட்டைப் பிரித்து ஒன்றை முகர்ந்து பார்த்தேன், பசை வாசம் இன்னும் ஈரமாக இருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி. ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, பள்ளத்திலெல்லாம் மெதுவாக ஓட்டினார்.

ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்தில் பந்தல். நாற்பது பேர் என்றார்கள், நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு மூன்று பெண்கள், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர். எல்லோரும் சிஸ்டர் கையில் பிறந்தவர்கள். சிஸ்டர் கடைசி நாளாக வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் கையில் முதலில் பிறந்தவள் புத்தகத்தை உயர்த்திக் காட்டியபோது எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அட்டையில் அந்த எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் பேசியது கொஞ்சம்தான். “எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல்ல நான் சொல்லிக் குடுத்தது மூச்சு விடுறதுக்காக்கும். எனக்க பொஸ்தகத்துக்கு மூச்சு குடுத்தது ரெண்டு பிள்ளைகளு. அதுக ரெண்டும் நான் பிரசவம் பாத்ததில்ல. இருந்தாலும் என் கணக்குல எழுதிக்கிடுதேன்.”

எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். ஜஸீனா வர மாட்டேனென்று தூணைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்திருந்த மைமூன் பீவிதான் அவளுடைய விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

விழா முடிந்து எல்லோரும் லட்டு வாங்கப் போன பிறகு, மைமூன் பீவி பந்தலின் ஓரத்தில் தனியாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் அடியில் சின்னதாக ஒரு வரி போட்டிருந்தேன்: எழுத்துரு ‘மைமூன்’, வரைந்தவர் ஜஸீனா, தேங்காப்பட்டணம். அவர் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ள பூரா நானாக்கும், இல்லியா?”

ஆமா உம்மா என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி, கதையை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

2 ஆகஸ்ட், சனி

காய்ச்சல். சந்தோஷத்தில் வந்தது என்று அம்மா சொல்கிறாள். மழையில் வந்தது என்று டாக்டர்.

16 அக்டோபர், வியாழன்

புதுக்கடைச் சந்தையை ஒட்டி சேர்ந்து தொழில் தொடங்க ஒரு மாடி அறை பார்த்திருக்கிறோம், ஜஸீனாவும் நானும். தொழில் உரிமம் எடுக்க இன்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அவளுக்கும் பஸ் ஒன்று, எனக்கும் ஒன்று, அதனால்தான் நடுவில் புதுக்கடை.

அங்கிருந்தவர் நல்ல மனிதர். படிவத்தில் தொழிலின் வகை என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். அவருடைய பட்டியலில் மாவு மில் உண்டு, தையல் உண்டு, ஜெராக்ஸ் உண்டு. ஜெராக்ஸ் என்று போட்டுவிடட்டுமா என்றார். வேண்டாமென்றாள் ஜஸீனா. எழுத்து வரைகிறது என்றாள். டிராயிங் கிளாஸா என்று கேட்டார்.

“இல்ல சார். நீங்க அந்தக் கம்ப்யூட்டர்ல ‘அ’ தட்டினா ஒரு ‘அ’ வருதில்லியா? அது தானா வந்ததில்ல. ஆரோ ஒருத்தர் இருந்து வரைஞ்சது. அந்த வேலையாக்கும் நாங்க செய்யிறது.”

அவர் எங்களைப் பார்த்தார். விசைப்பலகையைப் பார்த்தார். ஒரு விரலால் ‘அ’ தட்டினார். திரையில் வந்ததைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டே போய்ப் பார்த்தார்.

வகை என்ற இடத்தில் ‘இதர’ என்று எழுதி, பக்கத்தில் தானாகவே சிறிய எழுத்தில் ‘எழுத்து’ என்று சேர்த்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து ஜஸீனா குடையை விரித்தாள். நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர் ‘ஆ’ தட்டிப் பார்த்துவிட்டு, ‘இ’-யைத் தேடிக்கொண்டிருந்தார்.